சாக்கடல் செத்த கடலா?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்கு வேடிக்கையாய்த் தோன்றலாம். நோட்டீசில் "உப்பு ஏரியும் புதுக் கிருமியும்" என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வரும் வழியிலேயே ஒரு பெரியவர் நம்மை நிறுத்தி, "ஏன் ஐயா, கெட்டுப் போகாமலிருக்கத்தானே உப்புப் போடுகிறோம்? அந்த உப்பிலேயே கிருமி என்றால் அப்புறம் ஊறுகாய்க்கு என்ன மரியாதை?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. மாங்காயை ஜாடியில் அடைக்கிற பாட்டி முதல், மீனைக் கருவாடாக்குகிறவர்கள், தோலுக்கு உப்புத் தடவி மண்டிக்கு அனுப்புகிறவர்கள் வரையில் எல்லோரும் நம்பியிருப்பது, உப்பு மிகுந்த இடத்தில் எதுவும் உயிர் வாழாது என்பதைத்தான். அது முக்கால் பங்கு உண்மை. இன்றைக்கு நாம் சொல்ல வந்தது பாக்கிக் கால் பங்கைப் பற்றி.

அந்தக் கால் பங்கை உங்களில் சிலர் கண்ணால் பார்த்தும் இருக்கிறீர்கள். உப்பளத்தில் வேலை செய்த தோழர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்குத் தெரியும். பாத்தியில் தண்ணீர் சுண்டி உப்பு விளையப்போகிற சமயத்தில் அந்த நீர் இளஞ்சிவப்பாக மாறுவதுண்டு. உப்புப் போட்ட மீனிலும் தோலிலும் சில சமயம் சிவப்புப் பூத்துக் கெட்டுப் போவதுண்டு. 1922ம் வருஷத்திலேயே கானடா தேசத்தில் ஹாரிசன், கென்னடி என்ற இருவர், உப்பிட்ட காட் மீன் சிவந்து போவதற்குக் காரணம் உப்பிலேயே வாழும் ஒரு கிருமி என்று ஆராய்ந்து எழுதினார்கள். ஆகவே உப்பு எல்லோருக்கும் எமன் அல்ல. சிலருக்கு அதுதான் சோறு என்றே சொல்லவேண்டும்.

நிற்க. இந்த விஷயத்தில் உலகத்திலேயே பெரிய ஏமாற்றம் நடந்த இடம் ஒன்று உண்டு. அது பாலஸ்தீனத்துக்கும் ஜோர்டானுக்கும் நடுவிலுள்ள சாக்கடல். பெயர்தான் கடலே ஒழிய அது ஓர் ஏரி. பூமியின் தரையில் அதைவிடத் தாழ்ந்த கரை வேறெங்கும் கிடையாது. அதன் நீர்மட்டம் இப்பொழுது சமுத்திர மட்டத்திற்குச் சுமார் 430 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. ஜோர்டான் ஆறு அதில் விழுகிறது. அதிலிருந்து வெளியே போக வழி இல்லை. வெய்யிலில் தண்ணீர் மட்டும் ஆவியாய்ப் போகிறது. தண்ணீர் கொண்டுவந்த உப்பு தங்கிவிடுகிறது. வட்டிக் கடைக்காரன் பெட்டிக்குள் போன பணம் மாதிரி, உள்ளே போன உப்பு வெளியே வருவதில்லை. இப்படியே ஆயிரக்கணக்கான வருஷம் சேர்ந்து, சாதாரணக் கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிற கணக்குக்கு இங்கே சுமார் 340 கிராம் ஆகிவிட்டது. அதிலும் நாம் சோற்றில் போடும் உப்பைவிட மக்னீசிய உப்பே அதிகமானதால் வாயில் வைத்தால் கசப்பு. மனிதன் அதில் இறங்கினால் மூழ்கமாட்டான். கட்டை மாதிரி மிதப்பான்.

இப்பேர்ப்பட்ட ஓர் இடம் இருந்தால் கதை கட்டுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? பைபிளின் ஆதியாகமத்தில், சோதோம் கொமோரா என்ற இரண்டு பட்டணங்களின் மேல் கடவுள் கோபம் கொண்டு அக்கினியையும் கந்தகத்தையும் பொழிந்து அழித்ததாகவும், தப்பி ஓடுகையில் திரும்பிப் பார்த்த குற்றத்திற்காக லோத்து என்பவருடைய மனைவி உப்புத் தூணாக மாறிவிட்டதாகவும் எழுதியிருக்கிறது. அந்தப் பட்டணங்கள் இந்த ஏரிப் பக்கத்தில்தான் இருந்தன என்பது பரம்பரைப் பேச்சு. அரபு மொழியிலும் இதற்கு லூத்துடைய கடல் என்று ஒரு பெயர் உண்டு. ஊரையே எரித்த கோபத்தைக்கூட விட்டுவிடுவோம். திரும்பிப் பார்த்ததற்கே ஒரு பெண்ணுக்கு இந்தத் தண்டனை என்றால், அந்த ஏரியைக் குனிந்து உற்றுப் பார்க்க எவனுக்குத் தைரியம் வரும்? மேலே பறக்கும் பட்சிகள்கூடச் செத்து விழும் என்றெல்லாம் யாத்திரைக்காரர்கள் சொல்லிவந்தார்கள். சபிக்கப்பட்ட இடம், செத்த இடம் என்பது ஜனங்கள் மனதில் நன்றாய் ஊறிப்போயிற்று.

சரி, மதக்காரர்கள்தான் இப்படி என்றால் அறிவாளிகள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில் 2300 வருஷங்களுக்கு முன்னேயே, பாலஸ்தீனத்தில் ஓர் ஏரி இருக்கிறதாம், மனிதனையோ மிருகத்தையோ கட்டிப் போட்டாலும் மிதக்குமாம், அதில் மீன் வாழாதாம் என்று, கேள்விப்பட்ட கதையாகவே எழுதிவைத்தார். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்று சொன்ன வரையில் அவர் யோக்கியர்தான். ஜோர்டான் ஆற்றிலிருந்து அடித்துக்கொண்டு வரப்படும் மீன்கள் அந்த ஏரியில் விழுந்ததும் சாவதும் பொய்யல்ல. ஆனால் "மீன் சாகிறது" என்பதிலிருந்து "உயிரே இல்லை" என்பதற்குத் தாவியது யார்? அந்தத் தாவலைத்தான் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. 1778ல் பிரெஞ்சு ரசாயன நிபுணர் லவாய்சியரும் அவருடைய தோழர்களும் அந்த நீரை வரவழைத்து, அதில் என்னென்ன உப்பு எவ்வளவு இருக்கிறது என்று நிறுத்துப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். உப்பைப் பற்றிய கணக்கு வந்துவிட்டது. உயிரைப் பற்றிய கணக்கு வரவில்லை.

1890களில் லோர்ட்டே என்ற பிரெஞ்சு வைத்தியப் பேராசிரியர் ஒருவர் அந்த ஏரியின் சேற்றை எடுத்துச் சோதித்து, அதில் வில்வாத ஜன்னி உண்டாக்கும் கிருமி இருப்பதைக் கண்டார். அப்படியானால் உயிர் இருக்கிறது என்று அப்பொழுதே தீர்ந்துவிடவில்லையா என்று கேட்கலாம். தீரவில்லை. அந்தக் கிருமிகள் விதை மாதிரி ஓடு போர்த்திக்கொண்டு வருஷக்கணக்கில் தூங்கக்கூடியவை. மண்ணிலும் தூசியிலும் எங்கேயும் கிடப்பவை. காற்றிலோ ஆற்றிலோ வந்து அங்கே விழுந்து தூங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். சத்திரத்துத் திண்ணையில் படுத்துக் கிடப்பவனையெல்லாம் அந்த ஊர்க் குடியானவன் என்று சொல்லிவிட முடியுமா? அங்கே உழுது, அங்கே தின்று, அங்கே பிள்ளை குட்டி பெற்றவனைக் காட்டினால்தான் அந்த ஊரில் குடித்தனம் உண்டு என்று ஒப்புக்கொள்ளலாம்.

அப்படிக் காட்டியவர் ஒரு பெரிய பண்டிதர் அல்ல. ஜெருசலேம் எபிரேய சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த ஒரு வாலிபர். அப்பொழுது அவர் பெயர் பெஞ்சமின் வில்கான்ஸ்கி. பிறகு எலாசாரி வோல்கானி என்று வைத்துக்கொண்டார். 1915ல் பிறந்தவர். 1936ல், அதாவது 21 வயதில், இங்கிலாந்திலிருந்து வரும் "நேச்சர்" என்ற பத்திரிகையில் சாக்கடலில் உயிர் இருக்கிறது என்று ஒரு சிறு கடிதம் எழுதினார். 2000 வருஷத்துப் பேச்சுக்கு ஒரு கடிதத்தில் பதில்! பின்னர் அவர் செய்த ஆராய்ச்சிகளில் கிருமிகள் மட்டுமல்லாமல் பாசியும், ஓரணு ஜந்துக்களும்கூட அங்கிருந்து எடுத்துக் காட்டப்பட்டன.

இதை எப்படிச் சோதிப்பது என்பதுதான் நமக்கு முக்கியம். ஏனெனில் "இருக்கிறது" என்று சொல்வதும் "இல்லை" என்று சொல்வதும் வாயால் சொல்கிற வரையில் இரண்டும் ஒரே விலைதான்.

முதலில் கிருமி அற்றுப்போகும்படி காய்ச்சிச் சுத்தம் செய்த புட்டியில் ஏரி நீரையோ அடிச் சேற்றையோ எடுக்கவேண்டும். அந்த நீரில் இறைச்சிச் சாறு போன்ற கொஞ்சம் ஆகாரத்தைக் கலந்து, பஞ்சடைத்து, நல்ல சூட்டில் வைத்துக் காத்திருக்கவேண்டும். சாதாரணக் கிருமி ஒரு ராத்திரியில் பெருகிவிடும். உப்புக் கிருமி அப்படியல்ல. வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். நீர் கலங்கி நிறம் மாறினால் ஏதோ பெருகுகிறது என்று அர்த்தம். தூங்குகிறவன் பெருகமாட்டான் என்பதைக் கவனியுங்கள். பின்பு கடற்பாசியிலிருந்து எடுக்கும் கஞ்சியில் உப்பைக் கலந்து தட்டில் ஊற்றி உறைய வைத்து, அதன்மேல் அந்த நீரில் ஒரு துளியை இழைத்துத் தேய்த்தால், தனித்தனியே விழுந்த ஒவ்வொரு கிருமியும் பெருகி ஒரு சிறு புள்ளியாய் நிற்கும். கடுகளவு, சிவப்பு நிறம். ஒரு புள்ளியிலிருந்து எடுத்து மறுபடி புதுத் தட்டில் தேய்ப்பது, அதிலிருந்து எடுத்து மறுபடி தேய்ப்பது. இப்படிச் செய்தால் கடைசியில் கையில் இருப்பது ஒரே ஒரு மூதாதையின் வம்சம் என்று துணிந்து சொல்லலாம்.

இனி, அது அந்த ஊர்க் குடியானவனா, வழிப்போக்கனா? உப்பைக் குறைத்துக்கொண்டே வந்து பார்க்கவேண்டும். வழிப்போக்கனாயிருந்தால் உப்புக் குறையக் குறைய அவனுக்குக் குஷி. இந்தக் கிருமிகளோ லிட்டருக்கு 200 கிராம் உப்பு இருந்தால் செழிக்கின்றன. 100க்குக் கீழே போனால் தவிக்கின்றன. நாம் குடிக்கிற நல்ல தண்ணீரில் போட்டால் உடல் வெடித்துச் செத்துப் போகின்றன. காரணம் என்னவென்றால், வெளியே அத்தனை உப்பு இருக்கையில் உள்ளே வெறும் தண்ணீராக இருந்தால், ஊறுகாய் மாங்காய் சுருங்குகிற மாதிரி உயிரணுவின் நீர் வெளியே இழுக்கப்பட்டுவிடும். அதற்காக இவை தங்கள் உடம்புக்குள்ளேயே பொட்டாசிய உப்பை வெளியிலிருக்கிற கடுமைக்குச் சமமாக ஏற்றி வைத்திருக்கின்றன. இவற்றின் புரதங்களும் அந்த உப்புக்குத் தக்கபடி அமைந்தவை. உப்பை எடுத்துவிட்டால் புரதமே குலைந்துவிடும். ஆகவே நமக்கு அமிர்தம் அதற்கு விஷம். நமக்கு விஷம் அதற்கு வீடு. எந்த உயிருக்கு எது நல்லது என்று நம் வயிற்றைத் தொட்டுப் பார்த்து விதி எழுதக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

சிவப்பு நிறம் என்று சொன்னோம் அல்லவா? அது வெய்யிலின் கொடுமையிலிருந்து காத்துக்கொள்ள அவை தம் உடம்பில் வைத்திருக்கும் ஒரு சாயம். இவை மிகுதியாய்ப் பெருகினால் ஏரியே சிவந்துவிடும். மழை அதிகமாய்ப் பெய்து சாக்கடலின் மேல்நீர் சற்று இளகின 1980லும் 1992லும் அப்படித்தான் ஆயிற்று. முதலில் பாசி பெருகிற்று, அதைத் தொடர்ந்து ஒரு மில்லி லிட்டர் நீருக்கு ஒரு கோடிக்கும் மேலான கிருமி பெருகிற்று. நம் நாட்டிலும் இதைப் பார்த்தோம். மகாராஷ்டிரத்தில் புல்தாணா ஜில்லாவிலுள்ள லோணார் ஏரி 2020 ஜூன் மாதத்தில் இளஞ்சிவப்பாக மாறிற்று. அந்த ஏரி ஆகாயத்திலிருந்து விழுந்த எரிகல்லால் உண்டான பள்ளம். ஆனால் ஊர்ப் புராணம் வேறு. லவணாசுரன் என்ற உப்பு அசுரனை விஷ்ணு கொன்ற இடம் அது என்பார்கள். அசுரனைக் கொன்ற சாமிக்கு அந்த ஊரில் கோவிலும் இருக்கிறது. நல்ல வேளையாக, ஏரி சிவந்ததும் பரிகாரம் தேடாமல் நீரைப் புட்டியில் பிடித்துப் பூனாவிலுள்ள ஆகர்கர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். நாகபுரியிலுள்ள ஹைக்கோர்ட்டும் அந்த விஷயத்தில் விசாரித்தது. உப்பை விரும்பும் கிருமிகள் ஏராளமாய்ப் பெருகினதே காரணம் என்று பதில் வந்தது. அசுரன் பாடு இனிப் புராணத்தோடு சரி.

இப்பொழுது கடினமான இடத்துக்கு வருகிறோம். புட்டியில் ஒரு கிருமி கிடைத்துவிட்டது. அது புது ஜாதிக் கிருமியா, முன்னமே தெரிந்ததுதானா என்று எப்படிச் சொல்வது? மாட்டுக்குக் கொம்பு உண்டு, பட்சிக்கு இறகு உண்டு. இந்த ஜந்துவைப் பூதக் கண்ணாடியில் பார்த்தால் குச்சியாகவோ, உருண்டையாகவோ, தட்டையாகவோ இருக்கும், அவ்வளவுதான். அதனால் வெகுகாலம் வரையில் உருவம், நிறம், எந்தச் சர்க்கரையைத் தின்கிறது, எவ்வளவு உப்பும் எவ்வளவு சூடும் கேட்கிறது என்று நாற்பது ஐம்பது சோதனை செய்து பட்டியல் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பட்டியல் அவசியம்தான், இன்றும் செய்கிறார்கள். ஆனால் பட்டியலை மட்டும் நம்பியதால் உலகமே ஒரு பெரிய தவறு செய்துகொண்டிருந்தது என்று 1977ல் தெரிந்தது.

அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையில் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற இருவர் வேறொரு வழியில் போனார்கள். உயிருள்ள எதுவானாலும், யானையானாலும் கிருமியானாலும், அதன் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் புரதம் செய்கிற பட்டறை ஒன்று உண்டு. அதற்கு ரைபோசோம் என்று பெயர். அந்தப் பட்டறையின் ஒரு பாகத்தில், தலைமுறை தலைமுறையாய் நகல் எடுத்துக்கொண்டு வருகிற எழுத்து வரிசை ஒன்று இருக்கிறது. நகல் எடுக்கும்போது அபூர்வமாய்ப் பிழை விழும். பிழை விழுந்தால் அது சந்ததிக்குப் போகும். இரண்டு ஜந்துக்களின் வரிசையை ஒத்துப் பார்த்தால் எவ்வளவு காலத்துக்கு முன் பங்காளிகள் பிரிந்தார்கள் என்று ஊகிக்கலாம். இப்படிப் பார்க்கையில், பாக்டீரியா என்று நினைத்துக்கொண்டிருந்தவைகளில் ஒரு கூட்டம் பாக்டீரியாவே அல்ல, வேறொரு தனிக் கிளை என்று தெரிந்தது. அதற்கு இன்று ஆர்க்கியா என்று பெயர். உப்பு ஏரியின் சிவப்புக் கிருமிகள் அந்தக் கிளையைச் சேர்ந்தவை. இவற்றின் உடம்புத் தோலிலுள்ள கொழுப்பு மற்றவைகளின் கொழுப்பு மாதிரி இல்லை என்று முன்னமே கண்டிருந்தார்கள். உப்பில் இருப்பதால் அப்படி இருக்கிறது போலும் என்று சமாதானம் சொல்லிவிட்டார்கள். கண்ணுக்கு முன்னே சாட்சி நின்றும் கேட்காமல் அனுப்பிவிட்டதற்கு இது ஓர் உதாரணம். வோஸ் சொன்னதையும் பெரிய விஞ்ஞானிகள் சிலர் வெகுநாள் வரையில் ஏற்கவில்லை. விஞ்ஞானிகள் என்றால் பிடிவாதம் இல்லாதவர்கள் என்று யாரும் எண்ணவேண்டாம். பிடிவாதக்காரனுடைய சம்மதம் இல்லாமலேயே சோதனை நடக்கலாம் என்பதுதான் அங்கே உள்ள சௌகரியம்.

இன்றைக்கு ஒரு கிருமியைப் புதியது என்று சொல்ல வருகிறவர், முதலில் அந்த எழுத்து வரிசையை ஏற்கனவே தெரிந்தவைகளோடு ஒத்துக் காட்டவேண்டும். 100க்குச் சுமார் 98.7க்குக் கீழே ஒற்றுமை இருந்தால் புதிதாயிருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் முழு டி.என்.ஏ.வையும் ஒத்துப் பார்க்கவேண்டும்; அதில் 95, 96க்குக் கீழே இறங்கினால்தான் வேறு இனம் என்பார்கள். அப்புறம் பழைய பட்டியல் சோதனைகள், கொழுப்புச் சோதனை எல்லாம்.

இவ்வளவும் செய்தால் போதுமா? போதாது. பெயர் செல்லுபடியாக வேண்டுமானால், அந்தக் கிருமியையே, உயிரோடு, இரண்டு வெவ்வேறு தேசங்களிலுள்ள பொதுக் கிருமிச் சேமிப்பு நிலையங்களில் ஒப்படைக்கவேண்டும். யார் கேட்டாலும் அங்கிருந்து பெற்று மறுபடி சோதித்துப் பார்க்கலாம். "நான் பார்த்தேன், நீ நம்பு" என்பது அங்கே நடவாது. சர்வகலாசாலைத் தலைவரே பார்த்திருந்தாலும் நடவாது.

இந்தச் சட்டம் எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு நம் வோல்கானியின் கதையே அத்தாட்சி. அவர் 1940ல் தமது பட்டத்துக்கான ஆராய்ச்சிப் புத்தகத்தில், சாக்கடலில் கண்ட கிருமி ஒன்றுக்கு ஹாலோபாக்டீரியம் மாரிஸ்மார்ட்டுயி என்று பெயரிட்டார். லத்தீனில் மாரிஸ்மார்ட்டுயி என்றால் செத்த கடலுடையது என்று பொருள். செத்த கடலில் உயிரோடிருப்பதற்கு அப்படிப் பெயர் வைத்ததில் அவர் கொஞ்சம் சிரித்திருப்பார் என்றே நினைக்கிறோம். ஆனால் காலப்போக்கில் அந்த மூலக் கிருமி கைதவறிப் போயிற்று. எங்கும் உயிரோடு மிஞ்சவில்லை. 1980 ஜனவரி 1ந் தேதி உலகத்துக் கிருமிப் பெயர்களையெல்லாம் சலித்து ஒரு புதிய அங்கீகார ஜாபிதா வெளியிட்டார்கள். பழைய பெயர்களில் ஆயிரக்கணக்கானவை தள்ளுபடியாயின. வோல்கானியின் பெயரும் அதில் ஏறவில்லை. ஆள் இருக்கிறார், புத்தகம் இருக்கிறது, சாக்கடலில் முதலில் கண்டவர் என்ற கீர்த்தி இருக்கிறது. கிருமி இல்லை, ஆகவே பெயர் இல்லை! 1975ல் முல்லாக்கான்பாய், லார்சன் என்ற இருவர் சாக்கடல் சேற்றிலிருந்து வேறொரு கிருமியை எடுத்து அதற்கு வோல்கானியின் பெயரையே வைத்து மரியாதை செய்திருந்தார்கள். அந்த மரியாதையும் இந்த விஷயத்தில் உதவவில்லை.

பின் எப்படி மீண்டது? ஜெருசலேமில் மார்கரெட் கின்ஸ்பர்க் அம்மையாரும் அவர் தோழர்களும் அதே சாக்கடலிலிருந்து எடுத்து வெகுநாளாய் வளர்த்துவந்த ஒரு கிருமி இருந்தது. அதை எடுத்துச் சோதித்துப் பார்க்கையில் வோல்கானி 1940ல் எழுதிவைத்த அடையாளங்களோடு ஒத்திருந்தது. அதன்மேல் 1990ல் ஹாலோஆர்க்குலா மாரிஸ்மார்ட்டுயி என்று, இனத்துப் பெயரைப் புதுப்பித்து, குடும்பப் பெயரை மாற்றி மறுபடி பிரசுரித்தார்கள். பிரசுரித்தவர்கள் வரிசையில் அஹரோன் ஓரென், கின்ஸ்பர்க் முதலானவர்களோடு வோல்கானியின் பெயரும் இருக்கிறது. 25 வயதில் வைத்த பெயரை 75 வயதில் மறுபடி மனுப் போட்டு வாங்கினார். நமக்கு இது அவமானமாய்த் தோன்றவில்லை. தம் சொல்லுக்குத் தனிச் சலுகை கேட்காத மனிதர் என்றுதான் தோன்றுகிறது.

இதே கிருமி இன்னொரு பாடமும் வைத்திருந்தது. எழுத்து வரிசையை ஒத்துப் பார்த்து இனம் பிரிக்கலாம் என்று சொன்னோம். 1992ல் மயில்வாகனம், டென்னிஸ் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் இந்த மாரிஸ்மார்ட்டுயியை நெருங்கிப் பார்த்தபோது, ஒரே கிருமியின் உடம்பிலேயே அந்த வரிசை இரண்டு மாதிரியாக எழுதப்பட்டு, ஒன்றுக்கொன்று 100க்குச் சுமார் 5 வித்தியாசமாயிருக்கக் கண்டார்கள். 98.7 என்ற கோலால் அளந்தால் ஒரே ஜந்து தனக்குத் தானே வேற்று இனம் ஆகிவிடுகிறது! கோல் பொய்யா, கிருமி பொய்யா? இரண்டும் பொய்யல்ல. ஒரே கோலை நம்பி அளக்கக்கூடாது என்று தெரிந்தது. அதனால்தான் இந்தக் குடும்பத்துக் கிருமிகளை வகைப்படுத்துகையில் வேறு ஜீன்களையும் முழு டி.என்.ஏ.வையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வேத வாக்கியமாயிருந்தால் கிருமியைத்தான் தண்டித்திருப்பார்கள்.

"இத்தனை பாடுபட்டு ஒரு கிருமிக்குப் பெயர் வைத்து யாருக்கு என்ன லாபம்?" என்று ஒரு தோழர் கடைசி வரிசையில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சொல்லுகிறோம். புரதம் செய்கிற பட்டறை என்று சொன்னோமே, அந்த ரைபோசோம் எந்த உருவத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், அதைக் கற்கண்டு மாதிரிப் படிகமாக உறைய வைத்து எக்ஸ்ரே கதிரை விடவேண்டும். லட்சக்கணக்கான அணுக்கள் கொண்ட பொருள் எளிதில் படிகமாகுமா? சாதாரணக் கிருமிகளின் பட்டறை குலைந்து போயிற்று. கடும் உப்பிலும் குலையாமல் இருந்து பழகிய இந்த மாரிஸ்மார்ட்டுயியின் பட்டறை நல்ல படிகமாயிற்று. இஸ்ரேலிலிருந்து ஆடா யோனாத் அம்மையார் 1980களில் அந்த வேலையில் இறங்கினார். 2000ல் அமெரிக்காவில் தாமஸ் ஸ்டைட்ஸும் கூட்டாளிகளும் அதன் பெரிய பாகத்தை அணு அணுவாய்ப் படம் பிடித்துக் காட்டினார்கள். சிறிய பாகத்தை வெந்நீர் ஊற்றில் வாழும் வேறொரு கிருமியிலிருந்து எடுத்து ஆராய்ந்தவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அவர் பிறந்தது நம் சிதம்பரத்தில். இந்த மூவருக்கும் 2009ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நாம் ஜூரத்துக்கும் புண்ணுக்கும் சாப்பிடும் கிருமிக்கொல்லி மருந்துகளில் பல, நோய்க் கிருமியின் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டுதான் அதை முடக்குகின்றன. எங்கே ஒட்டுகின்றன, எப்படி முடக்குகின்றன என்று பார்க்க அந்தப் படம் உதவுகிறது. செத்த கடலில் ஒன்றுமில்லை என்று விட்டிருந்தால் அந்தப் படிகத்துக்கு வேறெங்கே போயிருப்பார்கள் என்று தோழர் யோசிக்கட்டும்.

அந்தக் கடலின் இன்றைய நிலைமையும் ஒரு வார்த்தை. ஜோர்டான் நதியின் தண்ணீரை மேலேயே விவசாயத்துக்கும் குடிக்கவும் எடுத்துக்கொள்வதாலும், கரையில் உப்பெடுக்கும் தொழிற்சாலைகள் நீரை ஆவியாக்குவதாலும், ஏரி வருஷத்துக்குச் சுமார் ஒரு மீட்டர் இறங்கிக்கொண்டே வருகிறது. உப்பின் கடுமை ஏறுகிறது. அதில் வாழப் பழகிய கிருமிகளுக்கே அது தாங்கவில்லை. கடவுள் கோபத்தால் சாகாத கடல் மனிதனுடைய வரவு செலவுக் கணக்கால் சாகப் பார்க்கிறது.

கடைசியாக அந்தப் புட்டிகளின் கதையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். 1936ல் சாக்கடலிலிருந்து எடுத்த நீரில் ஆகாரம் கலந்து வைத்த புட்டிகள் சில எப்படியோ அழியாமல் காப்பாற்றப்பட்டு வந்தன. நடுவில் ஓர் உலக யுத்தம் வந்து போயிற்று, தேசத்தின் பெயர் மாறிற்று, வாலிபர் கிழவரானார். 57 வருஷம் கழித்து, ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் அந்தப் புட்டிகளிலிருந்து எடுத்துத் தட்டில் தேய்த்துப் பார்த்தார்கள். சிவப்புப் புள்ளிகள் எழும்பின. 22 தனித்தனி ஆர்க்கியா வம்சங்களைப் பிரித்து 1996ல் வெளியிட்டார்கள். அதே பழைய நீரிலிருந்து கிடைத்த பாக்டீரியா ஒன்று, ஒருவரும் முன்பு அறியாத புது இனம் என்று கண்டு 1999ல் அதற்கும் மாரிஸ்மார்ட்டுயி என்றே பெயரிட்டார்கள். அந்த வருஷத்தில்தான் வோல்கானி காலமானார். இந்தத் தடவை கிருமி தொலையவில்லை. சேமிப்பு நிலையங்களில் உயிரோடு இருக்கிறது.

நேரமாகிவிட்டதென்று தலைவர் மணியைக் காட்டுகிறார். ஊறுகாயைப் பற்றிக் கேட்ட பெரியவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறோம். அவருக்குப் பதில்: உங்கள் ஜாடிக்குப் பயமில்லை. காரமும் புளிப்பும் எண்ணெயும் கூட இருக்கின்றன. சிவப்புக் கிருமிக்கு அந்தப் புளிப்பு ஆகாது. வேறு சந்தேகம் உள்ளவர்கள் எழுந்து கேட்கலாம்.